ரஷ் பாட்டில் தாளம் தப்புவதில்லை: ‘ஆட் டைம்’ பற்றி ஓர் எளிய விளக்கம்

ரஷ் இசைக்குழுவின் பாட்டை நாலு பேர் இருக்கும் இடத்தில் ஒலிக்கவிட்டால், ஒருவராவது தலையாட்டத் தொடங்கி, பாதியில் நின்று, “என்ன, தாளம் இடிக்குதே?” என்று கேட்பார். கூட்டத்தில் சங்கீதம் தெரிந்தவர் இருந்தால் உடனே பதில் வரும்: “இது மிஸ்ர சாபுதான். நம்மகிட்ட எப்பவோ இருக்கு.” மிஸ்ர சாபு என்பது ஏழு எண்ணிக்கை கொண்ட கர்நாடக சங்கீதத் தாளம். சென்னையில் இந்த இரண்டாவது பதிலைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். மார்கழிக் கச்சேரிகளும் கல்லூரி ராக் நிகழ்ச்சிகளும் ஒரே ஊரில் நடப்பதால் அந்தப் பேச்சு வருவது இயல்புதான்.

ஆனால் முதல் கேள்வியும் தவறு, இரண்டாவது பதிலும் பாதிதான் சரி. பல வருடங்களாக ரஷ் கேட்டு வளர்ந்தவன் என்ற முறையில், அந்த மீதிப் பாதியை முறையாக எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. ராக் இசையும் தெரியாது, கர்நாடக சங்கீதமும் தெரியாது என்பவர்களும் தாராளமாகப் படிக்கலாம். ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணத் தெரிந்தால் போதும்.

முதலில் ஆட்கள்

ரஷ் கனடா நாட்டுக் குழு. 1968இல் டொரொன்டோவில் தொடங்கியது. கெடி லீ பாடுவார், பேஸ் கிட்டார் வாசிப்பார், கீபோர்டும் வாசிப்பார். அலெக்ஸ் லைஃப்சன் கிட்டார். முதலில் ஜான் ரட்ஸி டிரம்ஸ் வாசித்தார். 1974இல் அந்த இடத்துக்கு நீல் பியர்ட் வந்தார். டிரம்ஸோடு பாடல் வரிகள் எழுதும் வேலையும் பெரும்பாலும் அவரிடமே போனது. மூன்றே பேர். மேடையில் கெடி லீ கையால் பேஸ், வாயால் பாட்டு, காலால் தரையில் இருக்கும் பெடல் கீபோர்ட் என்று மூன்று வேலையை ஒன்றாகப் பார்ப்பார்.

இவர்களை ‘ப்ராக்’ குழு என்பார்கள். ப்ராக்ரெஸிவ் ராக் என்பதன் சுருக்கம். அறுபதுகளின் கடைசியில் இங்கிலாந்தில் கிங் க்ரிம்ஸன், யெஸ், ஜெனஸிஸ் போன்ற குழுக்கள் வளர்த்த பாணி இது. மூன்று நிமிடம், ஒரே தாளம், ஒரு பல்லவி என்ற சட்டத்துக்குள் அடங்காமல், பல பகுதிகள் கொண்ட நீண்ட அமைப்பும் மாறும் தாளங்களும் சேர்ந்த ராக் இசை.

ரஷ் அந்தப் பாணியில் பிடிவாதமாக நின்ற கதை ஒன்று உண்டு. 1975இல் வந்த ‘கேரஸ் ஆஃப் ஸ்டீல்’ ஆல்பம் சரியாகப் போகவில்லை. வானொலியில் ஓடும்படி சின்னப் பாட்டாகப் போடுங்கள் என்று ரெக்கார்டு கம்பெனி அழுத்தியது. இவர்கள் அடுத்த வருடம் ‘2112’ ஆல்பத்தில் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும், சுமார் இருபது நிமிடத்தை, ஒரே பாட்டுக்குக் கொடுத்தார்கள். அதுதான் அவர்களைக் காப்பாற்றியது.

நீளமான பாட்டு என்பது ப்ராக்கின் வெளித்தோற்றம் மட்டுமே. புதிதாகக் கேட்பவரைத் தடுக்கி விழவைப்பது அதன் தாளம்தான். இனி அதை மட்டும் பார்ப்போம்.

துடிப்பு, அழுத்தம், சுழற்சி

மயிலாப்பூர் மாட வீதியில் பூக்கட்டும் அம்மாவைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மல்லிகை இரண்டு, மல்லிகை இரண்டு, கனகாம்பரம் மூன்று. மறுபடி மல்லிகை இரண்டு, மல்லிகை இரண்டு, கனகாம்பரம் மூன்று. நாரில் ஒவ்வொரு பூவுக்கும் ஒரே அளவு இடம்தான். ஆனால் நிறம் மாறுவதால் கண்ணுக்கு ஒரு கணக்கு தெரிகிறது. ஏழு பூவுக்கு ஒருமுறை அந்தக் கணக்கு திரும்பி வருகிறது. முழம் எவ்வளவு நீண்டாலும் யாரும் அதை ஒழுங்கில்லாத சரம் என்று சொல்வதில்லை.

இசையிலும் இதே மூன்று விஷயங்கள்தான். சம இடைவெளியில் விழும் ஒவ்வொரு பூவும் ஒரு துடிப்பு. ஒரு கொத்து முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் காதில் கொஞ்சம் பலமாக விழும், அது அழுத்தம். எத்தனை துடிப்புக்கு ஒருமுறை எல்லாம் முதலிலிருந்து வருகிறதோ, அது சுழற்சி. சங்கீதக்காரர்கள் ஆவர்த்தனம் என்பார்கள்.

நாம் கேட்கும் பெரும்பாலான ராக், பாப் பாட்டுகளிலும் சினிமாப் பாட்டுகளிலும் சுழற்சி நான்காகவோ எட்டாகவோ இருக்கும். கொத்துகளும் இரண்டிரண்டாகப் பிரியும். கால் தானாகத் தட்டும். சில பாட்டுகளில் இரண்டும் மூன்றும் கலந்து கொத்துகள் வரும். 2+3 என்றால் ஐந்து, 2+2+3 என்றால் ஏழு. இப்படிச் சமமில்லாத கொத்துகளால் ஆன சுழற்சியைத்தான் ராக் ரசிகர்கள் ஆட் டைம் என்கிறார்கள். மொத்தம் ஒற்றைப்படை எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. 3+3+2+2 என்று பத்து வந்தாலும் அது ஆட் டைம்தான்.

சரி, அப்புறம் ஏன் ‘இடிக்கிறது’? நம் கால் எட்டாவது துடிப்பு வரும் என்று காத்திருக்கிறது. பாட்டு ஏழிலேயே முடிந்து அடுத்த சுற்றுக்குப் போய்விடுகிறது. கால் ஒரு துடிப்பு பின்தங்குகிறது. அடுத்த சுற்றில் இரண்டு. பாட்டு தன் கணக்கில் சரியாகத்தான் ஓடுகிறது. நாம் வேறொரு கணக்கை அதன் மேல் வைத்துத் தட்டிக்கொண்டிருக்கிறோம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: துடிப்பு சீராகவே விழுகிறது, சுழற்சியும் மாறாமல் திரும்பி வருகிறது, கொத்துகளின் அளவு மட்டும் சமமில்லை. தாளம் தப்புவது என்பது வேறு விஷயம். அது துடிப்பு குலைவது. ரஷ் பாட்டில் அது நடப்பதில்லை.

7/8 என்று எழுதினால்

மேற்கத்திய இசைத்தாளில் பாட்டின் தொடக்கத்தில் 4/4, 7/8 என்று இரண்டு எண் இருக்கும். அதற்கு டைம் சிக்னேச்சர் என்று பெயர். இதைப் பின்னமாகப் படித்துக் குழம்புகிறவர்கள் நிறைய. மேலே உள்ள எண், ஒரு சுற்றில் எத்தனை துடிப்பு என்று சொல்கிறது. கீழே உள்ள எண், எந்த அளவுள்ள ஸ்வரத்தை ஒரு துடிப்பாக எண்ணுகிறோம் என்று சொல்கிறது. கேட்பவருக்கு மேல் எண் போதும். கீழ் எண் வாசிப்பவர் கவலை.

இன்னொரு சொல்லும் தேவைப்படும். கிட்டாரிலோ பேஸிலோ திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத்துணுக்கு ரிஃப். ராக் பாட்டுக்கு முதுகெலும்பு அதுதான்.

ஒரு விமான நிலையத்தின் மூன்று எழுத்து

இனி ரஷ்ஷின் ‘ஒய் ஒய் ஸெட்’. 1981இல் வந்த ‘மூவிங் பிக்சர்ஸ்’ ஆல்பத்தில் இருக்கும், பாட்டு வரிகளே இல்லாத இசைத்துண்டு. ஆட் டைம் என்றால் என்ன என்று யாருக்காவது காட்ட வேண்டுமென்றால் நான் இதைத்தான் போடுவேன். ஏனென்றால் இதன் தாளம் எங்கிருந்து வந்தது என்று விரல்விட்டே எண்ணிக் காட்டிவிடலாம்.

ஒய் ஒய் ஸெட் என்பது டொரொன்டோ பியர்ஸன் விமான நிலையத்தின் குறியீடு. விமானிகள் வழி அறிய நிலத்திலிருந்து ஒலிபரப்பாகும் சமிக்ஞையில் இந்த மூன்று எழுத்தும் மோர்ஸ் குறியீட்டில், அதாவது தந்திக்காலத்துப் புள்ளியும் கோடுமாக, ஒலித்துக்கொண்டே இருக்கும். விமானத்தில் அந்த ஒலியைக் கேட்டதில்தான் பாட்டுக்கு விதை விழுந்தது. வெளியூர் போய்த் திரும்பும் குழுவுக்கு, வீடு வந்துவிட்டது என்று சொல்லும் ஒலி அது.

புள்ளியைக் குறில் என்று வையுங்கள், கோட்டை நெடில் என்று வையுங்கள். பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணம்தான்: குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை. இப்போது எழுத்துகளைப் பாருங்கள்.

ஒய்: நெடில், குறில், நெடில், நெடில். இரண்டு, ஒன்று, இரண்டு, இரண்டு. மொத்தம் ஏழு.

மறுபடி ஒய்: இன்னொரு ஏழு.

ஸெட்: நெடில், நெடில், குறில், குறில். இரண்டு, இரண்டு, ஒன்று, ஒன்று. மொத்தம் ஆறு.

ஏழும் ஏழும் ஆறும் சேர்ந்தால் இருபது மாத்திரை. அதுதான் ஒரு சுற்று. இரண்டு மாத்திரையை ஒரு துடிப்பாக எண்ணினால் பத்துத் துடிப்பு, ஆகவே 10/8 என்று எழுதுவார்கள். நான்கு மாத்திரையை ஒன்றாக எண்ணி 5/4 என்று எழுதுபவர்களும் உண்டு. இரண்டும் ஒரே நீளம்தான், சண்டை போட ஒன்றுமில்லை.

குறில் ஒன்று, நெடில் இரண்டு என்று நான் வசதிக்காகச் சொல்லவில்லை என்பதையும் காட்டிவிடுகிறேன். மோர்ஸ் விதிப்படி கோடு, புள்ளியைவிட மூன்று மடங்கு நீளம். எதை அடித்தாலும் அதன் பின்னால் ஒரு புள்ளி அளவுக்கு மௌனம். அப்படியென்றால் ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டு வரை புள்ளிக்கு இரண்டு பங்கு நேரம், கோட்டுக்கு நான்கு பங்கு நேரம். அதே ஒன்றுக்கு இரண்டு விகிதம். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே வர வேண்டிய நீண்ட மௌனத்தை மட்டும் ரஷ் எடுத்துவிட்டார்கள். அதனால்தான் சமிக்ஞை, இடைவெளியில்லாமல் சுழலும் ரிஃப்பாக மாறியது.

பாட்டின் தொடக்கத்தில் சின்ன மணி போன்ற ஓசை இந்த இருபதைத் தனியாக அடிக்கும். பிறகு கிட்டார், பேஸ், டிரம்ஸ் எல்லாம் சேர்ந்து அதே கணக்கை இடியாக இறக்கும். அதற்குப் பிறகு பாட்டின் பெரும்பகுதி சாதாரண நான்கில்தான் ஓடுகிறது. ஆட் டைமை எப்போது விட வேண்டும் என்று தெரிந்தவர்கள் அவர்கள்.

அப்போ இது மிஸ்ர சாபுதானே?

எங்கள் தெருவில் மிருதங்கம் சொல்லிக்கொடுக்கும் மாமா ஒருவர் இருக்கிறார். இந்தத் தொடக்கத்தை ஒருநாள் அவருக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டாவது சுற்றிலேயே தொடையில் விரல் விழுந்துவிட்டது. “தகிட தகதிமி, தகிட தகதிமி... முதல் ரெண்டும் மிஸ்ரம்தான்பா. மூணாவதுல ஒண்ணு குறையறது” என்றார். “மாமா, அதை முதல்லேயே சொல்லாம விட்டுட்டேன்” என்றேன். “நீ சொல்லணுமா என்ன, கை சொல்றதே” என்று மறுபடி போடச் சொன்னார்.

அவர் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. தகிட என்றால் மூன்று, தகதிமி என்றால் நான்கு. ஒய் எழுத்தின் நெடிலையும் குறிலையும் சேர்த்தால் மூன்று, பிறகு இரண்டு, இரண்டு. 3+2+2, அசல் மிஸ்ர சாபுவின் பிரிவு. அது இரண்டு தடவை வந்து, காது ‘சரி, ஏழு’ என்று நம்பும் நேரத்தில் ஸெட் ஆறிலேயே முடிந்துவிடுகிறது. அந்த ஒரு மாத்திரைக் குறைவுதான் பாட்டை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கிறது. முழுக்க மிஸ்ர சாபுவாக இருந்திருந்தால் இந்த வேகம் கிடைத்திருக்காது.

இதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்றும் உண்டு. கர்நாடக இசையில் தாளம் கையில் இருக்கிறது. ஒரு கீர்த்தனையை எடுத்தால் பொதுவாகத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தாளம். பாட்டும் மிருதங்கமும் அந்தத் தாளத்தின் மேல் குறுக்கே பாய்ந்து, எங்கெங்கோ போய், சரியான இடத்தில் வந்து சேரும். அந்த வந்து சேர்தலுக்குத்தான் சபையில் ‘ஆஹா’ விழுகிறது. ரஷ்ஷில் தாளத்தைத் தனியாகக் கையில் போடுவார் யாரும் இல்லை. ரிஃப்பே தாளம். ரிஃப் ஏழு என்றால் பாட்டு ஏழு. ரிஃப் மாறினால் சுழற்சியும் அந்த நொடியே மாறிவிடும். ஒரே பாட்டுக்குள் நான்கிலிருந்து ஏழுக்கும் ஏழிலிருந்து நான்குக்கும் போய்வருவார்கள். அப்போதும் துடிப்பின் வேகம் மாறுவதில்லை, சுற்றின் நீளம்தான் மாறுகிறது.

மிஸ்ர நடையையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வார்கள். நடை என்பது ஒரு துடிப்புக்குள்ளே எத்தனை கூறு என்ற கணக்கு. ஆதி தாளத்தை மிஸ்ர நடையில் போட்டால் எட்டு அட்சரம், அதாவது எட்டுத் துடிப்பு, அப்படியே இருக்கும், ஒவ்வொன்றும் ஏழாகப் பிரியும். 7/8இல் உள்ள ஏழு, சுற்றின் மொத்த நீளம். இரண்டும் இரண்டு வெவ்வேறு ஏழு.

ஆக, நம் தாளங்களோடு உறவு உண்டு. காது பழக அது பெரிய உதவி. திருப்புகழ்ச் சந்தங்களைக் கேட்டு வளர்ந்தவருக்கு ஐந்தும் ஏழும் அந்நியமே இல்லை. ஆனால் “நம்மகிட்ட எப்பவோ இருக்கு” என்று சொல்லி அதோடு விட்டுவிட்டால், ரஷ் என்ன செய்தார்கள் என்பதைக் கேட்காமலே போய்விடுவோம்.

கணக்கு இருந்தால் உயிர் இருக்காதா?

இது எனக்கு மனம் வலிக்கும் குற்றச்சாட்டு. ப்ராக் என்றால் மூளைக்கு மட்டும், நெஞ்சுக்கு இல்லை என்கிறார்கள்.

2002 நவம்பரில் ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கில் ரஷ் வாசித்த நிகழ்ச்சியின் பதிவு இருக்கிறது. அதில் ‘ஒய் ஒய் ஸெட்’ வரும்போது கூட்டத்தைப் பாருங்கள். பாட வரிகளே இல்லாத துண்டு அது. அரங்கமே கிட்டாரின் மெட்டை வாயால் பாடிக்கொண்டு குதிக்கிறது. அங்கே யாரும் விரல்விட்டு எண்ணவில்லை.

‘சப்டிவிஷன்ஸ்’ இன்னொரு நல்ல உதாரணம். 1982இல் வந்த ‘சிக்னல்ஸ்’ ஆல்பத்தின் முதல் பாட்டு. புறநகரில் எல்லாரையும் போல இருக்க முடியாமல் ஒதுங்கிப்போகும் இளைஞர்களைப் பற்றியது. தொடக்கத்தில் சிந்தசைஸர் ரிஃப் ஏழில் வருகிறது. ஓட்டத்தில் ஒரு சின்ன விலகல், எதிலும் முழுசாகப் பொருந்தாத உணர்வு. பாட்டு நான்குக்கு மாறும் இடங்களில் அந்த இறுக்கம் தளர்கிறது. பாட்டு சொல்ல வந்த விஷயத்தைத் தாளமே சொல்லிவிடுகிறது என்று நான் கேட்கும்போதெல்லாம் நினைப்பேன். அம்பத்தூரிலோ தாம்பரத்திலோ வளர்ந்த பிள்ளைக்கும் அது புரியும்.

நீல் பியர்ட்டைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தொண்ணூறுகளின் நடுவில், உலகம் முழுக்க டிரம்ஸ் கற்கும் பிள்ளைகள் அவரைப் பார்த்துப் பழகிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் ஃப்ரெடி க்ரூபர் என்ற ஆசிரியரிடம் மாணவராகப் போய்ச் சேர்ந்தார். குச்சியைப் பிடிக்கும் விதத்திலிருந்து மறுபடி கற்றார். 1997இல் மகளையும் 1998இல் மனைவியையும் இழந்து, மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் அலைந்து, 2002இல் ‘வேப்பர் ட்ரெயில்ஸ்’ ஆல்பத்தோடு திரும்பி வந்தார். ரியோ கூட்டம் குதித்தது அதே வருடம். 2020 ஜனவரி 7ஆம் தேதி அவர் இறந்தார். இந்த மனிதர் வாசித்ததை வெறும் கணக்கு என்று எப்படிச் சொல்வது?

எங்கிருந்து தொடங்கலாம்

எடுத்த எடுப்பில் ‘2112’ போக வேண்டாம். ஏற்கெனவே காதில் இருக்கும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். ‘மிஷன் இம்பாசிபிள்’ இசை எல்லாருக்கும் தெரியும். அது 5/4. ஒவ்வொரு துடிப்பையும் இரண்டாகப் பிரித்து எண்ணினால் அதன் ஒரு சுற்று 3+3+2+2. வாயால் ‘தகிட தகிட தக தக’ என்று சொல்லிக்கொண்டே மனசுக்குள் அந்த இசையை ஓடவிட்டால் பொருந்திவிடும். ஆட் டைம் உங்களுக்கு ஏற்கெனவே பழக்கம்தான்.

அடுத்து பிங்க் ஃபிளாய்டின் ‘மணி’. 1973. பேஸ் ரிஃப் ஏழில் நிதானமாக நடக்கும். கிட்டார் தனி வாசிப்பு வரும்போது நான்குக்கு மாறும். அந்த மாற்றம் உடம்புக்குத் தெரிகிறதா என்று மட்டும் கவனியுங்கள், எண்ண வேண்டாம். பிறகு ரஷ்ஷின் ‘டாம் ஸாயர்’, இதுவும் ‘மூவிங் பிக்சர்ஸ்’ ஆல்பம்தான். பாட்டு நான்கில் போய், நடுவில் வரும் இசைப்பகுதியில் ஏழுக்குத் தாவும். அதற்குப் பிறகு ‘சப்டிவிஷன்ஸ்’, ‘ஒய் ஒய் ஸெட்’.

கடைசிப் பாட்டோடு சென்னைக்காரர்களுக்கு மட்டும் ஒரு பயிற்சி. நம் மீனம்பாக்கம் விமான நிலையத்தின் குறியீடு எம்-ஏ-ஏ, மெட்ராஸ் என்ற பெயரில் வந்தது. மோர்ஸில் எம் என்றால் நெடில், நெடில்: நான்கு மாத்திரை. ஏ என்றால் குறில், நெடில்: மூன்று மாத்திரை. இன்னொரு ஏ, இன்னொரு மூன்று. மொத்தம் பத்து. இரண்டு தடவை தட்டினால் இருபது, டொரொன்டோவின் ஒரு சுற்றுக்குச் சரியான நீளம்.

‘ஒய் ஒய் ஸெட்’ தொடக்கத்தை ஓடவிட்டு, மேசையில் எம்-ஏ-ஏவை இரண்டிரண்டு தடவையாகத் தட்டிப் பாருங்கள். இரண்டு ஊருக்கும் ஒரு சுற்றில் பன்னிரண்டு தட்டு. அதில் எட்டு ஒரே இடத்தில் விழும், நான்கு மட்டும் விலகும். முதலில் மெதுவாக, பாட்டு இல்லாமல், ஒருவர் டொரொன்டோவும் இன்னொருவர் சென்னையும் தட்டினால் சுலபமாகப் பிடிபடும்.